சட்டைப் பையில் ஒரு மூடி

பதினெட்டு வருடமாக நான் பார்க்கும் வேலையைச் சொன்னால், கேட்பவர்கள் "அவ்வளவுதானா?" என்பார்கள். திருவொற்றியூரைத் தாண்டி இருக்கும் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில், டேங்கர் லாரிகளின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, பித்தளைக் கோலை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். டிப் பார்ப்பது என்று பெயர். ஒரு ஷிப்டில் நாற்பது ஐம்பது லாரி ஏறி இறங்கினால் முட்டி இரண்டும் வேறு யாருடையவோ போல ஆகிவிடும். எத்தனையோ மீட்டர் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் கோல் நனையாமல் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடுவதில்லை. முள் பொய் சொல்லும், கோல் சொல்லாது என்பது எங்கள் இடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பழைய லாரிகளில் மூடியைப் பிடித்திருக்கும் சங்கிலி அறுந்திருக்கும். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் உருண்டு கீழே விழும், லாரிக்கு அடியில் போய்விடும், பின்னால் நிற்கும் பத்து டிரைவர்களும் நம் அம்மாவை விசாரிப்பார்கள். அதனால் கழற்றியதும் மூடி சட்டைப் பைக்குப் போய்விடும். டிப் பார்த்து முடித்து, மறுபடி பையிலிருந்து எடுத்துத் திருகுவோம். கைக்குத் தெரியும், தலைக்குத் தெரிய வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த பேஜாரு எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நான் மீனவன் இல்லை. வியாசர்பாடியில் பிறந்து, எர்ணாவூர் கரைக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். கரையோர வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டதற்குப் பதிலாக அரசாங்கம் கொடுத்த குடியிருப்பில், மனைவி வீட்டாரோடு ஒரே படிக்கட்டில் இருக்கிறோம். மனைவிக்கு ஒரு தம்பி. அவனிடம் ஒரு ஃபைபர் படகு உண்டு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை என்றால் விடிந்ததும் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போவான். நான் எந்த வேலையும் செய்ய மாட்டேன். வலை இழுக்கும்போது ஓரமாக ஒதுங்கி உட்காருவேன், அவன் கொண்டுவந்த கஞ்சியைக் குடிப்பேன், எஞ்சின் சத்தத்திலேயே தூங்கிப்போவேன். வாரம் முழுக்க நான் ஏங்குவது அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குத்தான். "மாமா வந்தா மீனுங்க கூட தூங்கிடுது" என்று கிண்டல் செய்வான். இருந்தாலும் ஒரு ஞாயிறு தவறாமல் ஏற்றிக்கொள்வான்.

அன்றைக்கு இரவு ஷிப்ட் முடிந்து, காலை ஏழரை மணிக்குக் கடலோரச் சாலையில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் ஒரு நிழல் போனது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு சின்ன விமானம், இரண்டு பேர் உட்காரக் கூடியது, வீட்டு மொட்டைமாடிகளைத் தொட்டுவிடும் உயரத்தில் போகிறது. சத்தமே இல்லை. அவ்வளவு தாழ்வாகப் போகும் ஒன்று கத்திக்கொண்டு போக வேண்டாமா? கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களைத் தாண்டி, தண்ணீரில் ஒருமுறை தட்டி, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

என் மச்சான் அப்போதுதான் கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். அவன் படகுதான் பக்கத்தில் இருந்தது. நாங்கள் கற்கள் மேல் ஏறி நின்று பார்க்கிறோம், அவன் படகை விமானத்தோடு ஒட்டிவிட்டு, கதவைப் பிடித்து இழுத்து, உள்ளே இருந்தவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் படகில் போட்டான். ஒரே ஒருவன்தான். விமானம் ஓட்டப் பயிலும் மாணவன், இருபத்தோரு வயது இருக்கும். நெற்றியில் ரத்தம், மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். கரைக்கு வரும் வரை மச்சானின் கையை விடவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? இரண்டு படகில் கயிறு கட்டி விமானத்தைக் கரைப்பக்கம் இழுத்து, மணல் தட்டும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். சுற்றி முந்நூறு பேர். பாதிப் பேர் கையில் செல்போன், மீதிப் பேர் வாயில் பீடி. எனக்குப் பகீரென்றது. பெட்ரோல் இருக்கும், பீடியை அணைங்கடா என்று கத்தினேன். ஒருவரும் அணைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் சொன்னார்: "நீதான் எண்ணெ கம்பெனில கீறியே. நீயே ஏறிப் பாத்து சொல்லிடேன், வெடிக்குமா வெடிக்காதான்னு."

பத்து மணி நேரம் லாரி ஏறி இறங்கியவனை இன்னொரு முறை ஏறச் சொல்கிறார்கள். திட்டிக்கொண்டே ஏறினேன். இறக்கைகள் மேலே இருந்தன, அவற்றின் முதுகில் பக்கத்துக்கு ஒரு மூடி. டீக்கடை விளக்குமாற்றிலிருந்து நீளமாக ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு போயிருந்தேன். வலது பக்கம் திறந்தேன். ஈர்க்கை விட்டு எடுத்தேன். நுனியில் கட்டைவிரல் நகத்தில் பாதியளவு ஈரம், அவ்வளவுதான். மூடினேன். இடது பக்கம் போய்த் திறந்தேன். அங்கேயும் அதே பாதி நகம். ஒரு மோட்டார் சைக்கிள் கூட ஓடாது. "பயப்படாதீங்க, ஒண்ணியும் இல்ல, காலி" என்று கீழே பார்த்துச் சொன்னேன்.

சொல்லி வாயை மூடவில்லை, போலீஸ் ஜீப் வந்துவிட்டது. "யார்றா அது மேல, இறங்குடா!" என்று லத்தியால் விமானத்தின் வயிற்றைத் தட்டினார் ஒருவர். குதித்தேன். முட்டி மடங்கி மணலில் விழுந்தேன். எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் போய், அப்படியே வீட்டுக்கு நடந்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் கூடப் படுத்துவிட்டேன். மதியம் என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பிணம் மாதிரி தூங்கினேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மனைவிதான் உலுக்கி எழுப்பினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எழுந்துருய்யா. என் தம்பிய ஸ்டேஷன்ல குந்த வெச்சிகினு கீறாங்க."

"எதுக்கு?"

"பிளேன்ல இருந்த பெட்ரோல இவன்தான் உறிஞ்சி வித்துட்டானாம். அந்தப் பையன் ஆஸ்பத்திரில பாதி டேங்க் இருந்திச்சின்னு சொல்லிட்டான். இப்ப பாத்தா ஒண்ணியும் இல்ல, ஒரு பக்கம் மூடியே காணோம். இவன்தான் மொதல்ல பிளேன் கிட்ட போனவன். படகுல ஒரு கேன் வேற இருந்திச்சி."

கேனில் இருந்தது அவன் படகுக்கு வேண்டிய டீசல். முகர்ந்து பார்த்தாலே தெரியும். ஆனால் ஸ்டேஷனில் முகர்ந்து பார்க்க யாருக்கு நேரம்? பெட்ரோலை வெளியே கைமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் என்றால் முதலில் திருட்டு, பிறகுதான் விசாரணை. உயிரைக் காப்பாற்றியவன் என்பது யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. விமானத்தின் மேல் ஏறி நின்றது யார் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லையாம். போதாக்குறைக்கு இவனும் கேட்ட கேள்விக்கெல்லாம் "தெரியாது சார்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையாம். படகையும் எடுத்துப்போகப் போவதாக மிரட்டியிருக்கிறார்கள். வழக்கு என்று ஒன்று எழுதிவிட்டால் அவன் வாழ்க்கை கோர்ட் வாசலில்தான்.

அவள் என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு மூடி.

"தொவைக்க எடுத்தேன். உன் பைல இருந்திச்சி. இன்னாய்யா இது?"

அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எனக்கு முதலில் தோன்றியது மச்சானைப் பற்றி இல்லை. கிடங்குக்குள் போக எனக்கு ஒரு பாஸ் இருக்கிறது. அது வருடா வருடம் போலீஸ் சான்றிதழ் கொடுத்தால்தான் புதுப்பிக்கப்படும். ஒப்பந்தத் தொழிலாளி நான், ஸ்டேஷனில் பெயர் ஏறினால் மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அதைத்தான் நினைத்தேன். "நாளைக்குக் காலைல போறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். உடம்பு முடியவில்லை என்றும் சொன்னேன். அது பொய் இல்லை.

அவள் சண்டை போடவில்லை. மூடியைக் கட்டில் மேல் வைத்தாள். "அவன் உன்ன மாமான்னு மட்டுமா கூப்புட்றான், வாரா வாரம் சோறு போட்டு இட்டுகினு போறானே" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வேறு என்ன செய்ய?

ஸ்டேஷனில் மச்சான் பெஞ்சின் ஓரத்தில் லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தான், கடலிலிருந்து வந்த அதே கோலம். காலில் காய்ந்த உப்பு. நான் சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் மூடியை வைத்து, நடந்ததைச் சொன்னேன். டிப் பார்த்தது, ஈர்க்கு, பாதி நகம், பைக்குள் போனது எல்லாம். அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குடும்பமே சேர்ந்து கதை கட்டிட்டு வந்திருக்கீங்களா? நாளைக்கு விமானத் துறையிலிருந்து அதிகாரி ஸ்டேஷனுக்கு வரார். அவர்கிட்ட சொல்லு இந்தக் கதையை. அதுவரை நீயும் உட்காரு."

மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தேன். இல்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"நீ ஏன் மாமா வந்த? சும்மா வூட்லயே இருந்திருக்கலாம் இல்ல."

என் பாஸை நினைத்துத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நான் வீட்டில் நினைத்ததும் இவன் இங்கே நினைப்பதும் ஒன்றாக இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. "வர்றது வரட்டும் மச்சான்" என்று அவன் முதுகில் தட்டினேன். அவனுக்குத் தூக்கம் வரவில்லை, நான் பெஞ்சிலேயே தூங்கிவிட்டேன்.

காலையில் அதிகாரி வந்தார். வயதானவர், சத்தமில்லாமல் பேசுகிறவர். முந்தின நாள் சாயங்காலமே விமானத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். என்னை எதிரில் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த ஸ்டேஷனில் நாற்காலி கிடைத்ததே எனக்கு ஒரு அதிசயம்.

"எத்தனை வருஷமா டிப் பார்க்கிறீங்க?"

"பதினெட்டு வருஷம் சார்."

"அன்னைக்கு எதால பார்த்தீங்க?"

"வௌக்குமாத்து ஈர்க்குல சார்."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"எவ்வளவு நனைஞ்சிருந்தது?"

கட்டைவிரலை நீட்டி, நகத்தில் பாதியைக் காட்டினேன். "ரெண்டு பக்கமும் இதே அளவு சார். வலது பக்கத்த நான் திருப்பி மூடிட்டேன். இடது பக்கம் மூடறதுக்குள்ள எறங்கச் சொல்லிட்டாங்க."

அவர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நீங்கள் மூடாத பக்கத்தில் அலை ஏறி உப்புத் தண்ணீர் நிரம்பிவிட்டது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். எனக்குத் தலை தாழ்ந்தது. பதினெட்டு வருடத்தில் திறந்த மூடியை மூடாமல் இறங்கியது அந்த ஒரு தடவைதான். பிறகு, மூடியிருந்த பக்கத்தை நேற்று நானே அளந்தேன், நீங்கள் காட்டிய அளவுதான் இருந்தது என்றார். சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, விமானம் கரைக்கு வந்த சில நிமிஷத்திலேயே அது காலி என்று பார்த்த ஆள் மூடியும் கையுமாக வந்து சொல்கிறார், அதனால் எஞ்சினுக்குப் போகும் குழாயை இன்றைக்கே கழற்றிப் பார்க்கிறேன், கரையில் திருடுகிறவன் டேங்கைக் காலி செய்வான், எஞ்சின் குழாய்க்குள் இருப்பதை எடுக்க மாட்டான் என்றார்.

பதினொரு மணிக்குள் கழற்றிவிட்டார்கள். குழாய் காய்ந்திருந்தது. வானத்திலேயே எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் நின்று, விமானம் கடலில் இறங்கியிருக்கிறது. மச்சானிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. என் வாக்குமூலத்தை மட்டும் மூன்று பக்கத்துக்கு எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். அதிகாரி எழுந்து எனக்குக் கை கொடுத்தார். நிஜத்தைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். வெயில் ஏறிவிட்டது, லாரித் தூசி வாயில் நறநறத்தது. மச்சான் விடுதலையான ஆள் மாதிரி நடக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. என் பாஸையே பணயம் வைத்து இவனை வெளியே கொண்டுவந்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசினால் என்ன?

"இன்னாடா, உம்முன்னு வர?"

முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"எனக்கு மொதல்லயே தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"பெட்ரோல் தீந்துபோனது. படகுல தூக்கிப் போட்டதும் அந்தப் பையன் சொல்லிட்டான். காலைல ஏணி யாரோ எடுத்துகினு பூட்டாங்களாம். இவன் மேல ஏறி டேங்க்ல குச்சி வுட்டுப் பாக்கல. முள்ளு பாதி காட்டிச்சாம், அத்த நம்பிகினு கெளம்பிட்டான். வெளிய தெரிஞ்சா லைசென்ஸே குடுக்க மாட்டாங்க, அப்பா வீட்ட வித்துப் படிக்க வெக்கிறாரு, யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணான்னு என் கையப் புடிச்சிகினு அழுதான். சரிடா, சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்."

நான் நின்றுவிட்டேன். ஒரு பகல், ஒரு இரவு, திருடன் என்று திட்டு வாங்கிக்கொண்டு, படகு போய்விடும் என்று தெரிந்துகொண்டு, ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு இவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

"பைத்தியமாடா நீ? அவன் உன்ன மாட்டிவுட்டு ஆஸ்பத்திரில படுத்துகினு கீறான். நீ அவனுக்கு வாக்குக் குடுத்தியா?"

"பயந்துட்டான் மாமா. சின்னப் பையன். செத்துப்போயிருப்பான் இல்ல? தூக்கினது நானு. தூக்கிட்டு வந்து கரையில காட்டிக் குடுக்கறதா?"

"அதுக்கு நீ ஜெயிலுக்குப் போவியா?"

"ரெண்டு மூணு நாள்ல அவனே சொல்லியிருப்பான். கண்டிப்பா சொல்லியிருப்பான். அதுக்குள்ள நீ வந்துட்ட."

அந்தப் பையன் சொல்லியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டான் என்றுதான் அன்றைக்கு மச்சானிடம் அடித்துப் பேசினேன். நான் செய்தது சரி என்றும் பேசினேன், இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். காலியாக இருந்ததைக் காலி என்று சொன்னேன். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்தப் பையனுக்கு, தானே போய்ச் சொல்வதற்கு இருந்த இரண்டு மூன்று நாளை நான் எடுத்துக்கொண்டேன் என்று மச்சான் நம்புகிறான். மறுவாரம் பையனின் பறக்கும் அனுமதியை நிறுத்திவிட்டார்கள் என்று டீக்கடையில் யாரோ செய்தித்தாளில் பார்த்துச் சொன்னார்கள். மச்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

என் பாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. சான்றிதழ் கிடைத்தது. இன்னும் லாரி ஏறுகிறேன். மூடியைக் கழற்றினால் கை தானாகப் பைக்குத்தான் போகிறது, மாற்ற முடியவில்லை. மனைவி என் சட்டையைத் தண்ணீரில் போடுவதற்கு முன் பையைத் தடவிப் பார்க்கிறாள்.

மச்சான் என்னோடு சண்டையெல்லாம் போடவில்லை. படிக்கட்டில் பார்த்தால் சிரிக்கிறான், மீன் கொடுத்து அனுப்புகிறான், மாமா என்றுதான் கூப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழக்கத்தில் எழுந்து கரைக்குப் போகிறேன். படகைத் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்து, "எஞ்சின் சரியில்ல மாமா, இன்னிக்கு நீ வராத, வூட்ல போய்த் தூங்கு" என்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் இதையே சொல்கிறான். நான் கற்கள் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, சத்தம் ரொம்ப தூரம் வரைக்கும் கேட்கிறது.